வளர்ப்பு நியூரான் சிக்னல்: ரேண்டம் ஃபாரஸ்ட்டும் ஷாப்பும் போதுமா, சிஎன்என் தேவையா?

ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நியூரான்கள், 48 குழித் தட்டு, குழிக்கு 16 மின்முனைகள். நோயாளியின் செல்லையும் ஆரோக்கியமான செல்லையும் எது பிரித்துக் காட்டுகிறது என்பதே கேள்வி.

முதல் வழியில் மின்முனைகள் பதியும் மின்னழுத்தத்தை 300–3000 ஹெர்ட்ஸுக்கு வடிகட்டி, இரைச்சலின் திட்ட விலக்கத்தைப் போல 5 அல்லது 6 மடங்கு வரம்பில் ஸ்பைக்குகளைப் (நியூரானின் குறுகிய மின் துடிப்புகளை) பிடிக்கிறோம். ஸ்பைக் வீதம், பர்ஸ்ட் (ஸ்பைக்குகளின் அடர்ந்த கொத்து) நீளம், பர்ஸ்ட் இடைவெளி, ஒத்திசைவு போன்ற அளவுகள் ரேண்டம் ஃபாரஸ்ட்டுக்கு, அதாவது பல முடிவு மரங்களின் வாக்கால் வகைப்படுத்தும் மாதிரிக்குப் போகின்றன. ஒவ்வொரு அளவும் முடிவுக்கு எவ்வளவு பங்களித்தது என்று கணக்கிடும் ஷாப் (SHAP) தரும் விடை உயிரியலாளருக்கு நேராகப் புரியும். ஒரு பொறி உண்டு: ஸ்பைக் வீதமும் பர்ஸ்ட் வீதமும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஷாப் பெருமையை இரண்டுக்கும் பங்கு போட, இரண்டுமே அற்பமாகத் தெரியலாம். தொடர்பு 0.9க்கு மேல் உள்ளவற்றை முதலிலேயே ஒரே குழுவாக்குங்கள்.

இரண்டாவது வழியான சிஎன்என் (CNN, அம்சங்களைத் தானே கற்கும் ஆழ்கற்றல் வலையமைப்பு) கச்சா மின்னழுத்தத்தையே படிக்கும். ஸ்பைக் எண்ணிக்கையில் தொலைந்துபோகும் அலைவடிவம் இதில் தப்பும். ஆனால் அது சிக்னலின் எந்தப் பகுதியைக் கவனித்தது என்று நிறத்தால் காட்டும் வெப்ப வரைபடம் 'எங்கே' என்று காட்டுமே தவிர 'ஏன்' என்று சொல்லாது. 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலைக்கூட நோய்க்குறி என்று கற்றுக்கொள்ளும். சிஎன்என் கற்ற எடைகளை (அதன் உள்ளே உள்ள எண்களை) குலைத்துப் பாருங்கள். வரைபடம் மாறவில்லையா, அது கற்றதைக் காட்டவில்லை; தூக்கிப் போடுங்கள்.

ஒரு நொடித் துண்டுகளாக வெட்டினால் தரவு பெருகியதுபோல் தோன்றும். உண்மையில் இருப்பது 48 குழிகள்தான், அதிலும் ஓரிரு வளர்ப்புத் தொகுதிகள் (சேர்த்து ஒரே தடவையில் வளர்த்தவை). சோதனைக்கு ஒரு தொகுதியை முழுதாக ஒதுக்காவிட்டால், ஒரே தொகுதியின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்து, எந்த வழியிலும் துல்லியம் பொய்யாகவே உயரும்.

இவ்வளவு தரவுக்கு முதல் வழியே என் தேர்வு.