எதிர்புரோத்தன் கணக்குக்குக் கசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் போதுமா?

போதும். சேமிப்பு வளையத்தில் சுற்றும் எதிர்புரோத்தன் (புரோத்தனின் எதிர்த்துகள்) கற்றையின் சராசரி லூமினொசிற்றியை, அதாவது கற்றையும் இலக்கும் மோதும் வாய்ப்பின் அளவை, மதிப்பிட மடிக்கணினியைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கல்குலேற்றர் சில இடங்களில் சத்தமில்லாமல் பிழையான விடையைக் காட்டும். உயர்தரம் வரை மடக்கை அட்டவணையோடு மல்லுக்கட்டிவிட்டு, பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாக இதைக் கையில் எடுப்பவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

கொழும்பில் வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளிலும் புறக்கோட்டையிலும் வாங்கலாம். புறக்கோட்டையில் போலியும் உலவுகிறது. கடையிலேயே 1÷2π என்று, பெருக்கல் குறி போடாமல், தட்டிப் பாருங்கள். 0.1591549431 வரவேண்டும். 1.57 வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பரீட்சித்த கணக்கு, ஜேர்மனியின் ஃபெயார் ஆய்வு மையத்துக்கென வடிவமைக்கப்பட்ட ஹெச்இஎஸ்ஆர் என்ற எதிர்புரோத்தன் சேமிப்பு வளையம். சுற்றளவு 575 மீற்றர், உந்தம் 1.5 முதல் 15 கிகாஇவோ/சி (கிகா இலத்திரன்வோற்று ÷ ஒளிவேகம், துகள் உந்தத்தின் அலகு). உயர் லூமினொசிற்றி முறையில் 10¹¹ எதிர்புரோத்தன்கள், ஐதரசன் இலக்கின் தடிப்பு சதுர சென்ரிமீற்றருக்கு 4×10¹⁵ அணுக்கள்.

முதலில் சுற்றுகை வீதம். 15 கிகாஇவோ/சியில் துகளின் வேகம் ஒளிவேகத்தின் 0.998 மடங்கு. ஷிஃப்ட், 7, 28 அழுத்தினால் ஒளிவேகம் வந்துவிடும், 0.998 ஆல் பெருக்கி 575 ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 5.2×10⁵ சுற்று. அதை 10¹¹ ஆலும் 4×10¹⁵ ஆலும் பெருக்க, ஆரம்ப லூமினொசிற்றி 2.08×10³². சதுர சென்ரிமீற்றருக்கு, விநாடிக்கு.

அடுத்தது கற்றையின் ஆயுட்காலம். மொத்தக் குறுக்குவெட்டை (ஒரு துகள் இலக்கு அணுவோடு மோதும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்வது) 50 மில்லிபார்ன், அதாவது 5×10⁻²⁶ சதுர சென்ரிமீற்றர் என்று எடுத்தால், சுற்றுகை வீதம் × தடிப்பு × குறுக்குவெட்டு = 1.04×10⁻⁴. தலைகீழாக்கினால் சுமார் 9600 விநாடி. முதல் பொறி இங்கேதான். ×10ˣ விசையை விட்டுவிட்டுப் பெருக்கல், 1, 0, அடுக்கு என்று தனித்தனியாகத் தட்டினால், 1÷5×10⁻²⁶ க்கு 2×10²⁵ வராது, 2×10⁻²⁷ வரும். 52 அடுக்கு வித்தியாசம், எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

கரு இடைத்தாக்க இழப்போடு கூலோம் சிதறலும் (மின்விசையால் துகள் விலகிப்போவது) சேரும். குறைந்த உந்தத்தில் அதன் தாக்கம் கூட. ஆயுட்காலங்களைக் கூட்டிவிடாதீர்கள். இழப்பு வீதங்களைக் கூட்டி, கடைசியில் எக்ஸ்⁻¹ விசையை அழுத்துங்கள்.

சராசரிக்கு மோட் 7, அட்டவணை. சார்பு: பி×(1−ஈ^(−எக்ஸ்÷பி))÷(எக்ஸ்+சி). எக்ஸ் கற்றை ஓடும் நேரம், பி ஆயுட்காலம், சி கற்றையை உட்செலுத்தித் தயார்செய்யும் நேரம், இங்கே 300 விநாடி. 10³² ஐ உள்ளே போடவேண்டாம். அட்டவணைக் கட்டம் ஒடுக்கம், இலக்கங்கள் வெட்டுப்படும். ஆரம்ப லூமினொசிற்றிக்கான விகிதமாகவே எடுத்தால் 1000 விநாடிக்கு 0.731, 2000க்கு 0.785, 3000க்கு 0.781, 10000க்கு 0.603. தொகையீட்டு விசை அட்டவணைக்குள் வேலை செய்யாது. மூடிய வடிவம் இருப்பதால் நட்டமில்லை.

உச்சியைத் துல்லியமாகப் பிடிக்க, சமன்பாட்டின் மூலத்தைத் தேடித்தரும் சோல்வ்: ஈ^எக்ஸ் = 1+எக்ஸ்+0.03125. இங்கே எக்ஸ் என்பது ஓட்டநேரம்÷ஆயுட்காலம், 0.03125 என்பது 300÷9600. இரண்டாவது பொறி இது. சரிவைப் பார்த்துப் படிப்படியாக மூலத்தை நெருங்கும் நியூட்டன் முறை என்பதால் ஆரம்ப மதிப்பு 0 கொடுத்தால் சரிவு பூச்சியமாகித் திணறும். மறை எண் கொடுத்தால் −0.26 என்ற மூலத்தைத் தரும். சமன்பாட்டுக்கு அது சரி, பௌதிகத்துக்கு அர்த்தமற்றது. அட்டவணை ஓட்டியபின் எக்ஸில் பழைய எண் மாறிக் கிடக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். 1 கொடுங்கள், 0.24 வரும். அதாவது சுமார் 2300 விநாடி ஓட்டம், சராசரி 1.64×10³².

இந்த எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதினால் பரீட்சகர் பிடிப்பார். மிஞ்சிய கற்றையைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் 10¹¹ புதிதாக நிரப்புவதானால், 2600 விநாடிக்கு ஒரு தடவை என்பது விநாடிக்கு 3.8×10⁷ எதிர்புரோத்தன் கேட்கும். உற்பத்தி விநாடிக்கு 10⁷ என்றால் ஒரு சுழற்சி 10000 விநாடிக்குக் குறைய முடியாது, சராசரி 1.27×10³² ஆக இறங்கும். மிஞ்சியதை வைத்துக்கொண்டு இழந்த 21 வீதத்தை மட்டும் நிரப்பினால் விநாடிக்கு 8.2×10⁶ போதும், 1.64×10³² அப்படியே நிற்கும். இந்தச் சோதனையை எந்த விசையும் செய்து தராது.

குறை என்றால், பல உந்தங்களை அருகருகே வைத்து ஒப்பிட இடமில்லை. இதற்குப் பின்வந்த எஃப்எக்ஸ்-991இஎக்ஸில் 45 நிரை, 5 நிரல் விரிதாள் உண்டு. அந்த வேலைக்கு அதுதான். ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள் அதை விடுவார்களா என்று உங்கள் பீடத்தில் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.