ராட்வீலருக்கும் சிப்பிப்பாறைக்கும் ஒரே வாய்மூடி பொருந்தாது

மதுரைக் கடைகளில் நாய்க்கு இரண்டு வகை வாய்மூடி கிடைக்கிறது: குழாய் போலத் தைத்த நைலான் துணி, வளையும் பிளாஸ்டிக் கூடை. வெளியே கூட்டிப்போகக் கூடைதான் சரி. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் நாய் உடல் சூட்டைத் தணிக்கிறது. துணி வகை வாயை இறுக்கிவிடும். சித்திரை வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குக் கீழே ஒரு விரல் விட்டு, மூக்கும் வாயும் சேர்ந்து நீண்டிருக்கும் பகுதியின் சுற்றளவையும், அங்கிருந்து மூக்கு நுனி வரை நீளத்தையும் டேப்பில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மூக்குக்கு முன்னால் 1 செ.மீ. இடம் வேண்டும். உள்ளே நாய் வாயைத் தாராளமாகத் திறக்க முடிய வேண்டும்.

பெரும்பாலான கூடைகள் ராட்வீலர், லாப்ரடார் போன்ற அகன்ற முகத்துக்கு வார்த்தவை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்களின் ஒடுங்கிய முகத்தில் அவை ஆடி ஆடி மூக்குத்தண்டில் தோலை உரித்துவிடும். இதே போல ஒடுங்கிய முகமுள்ள கிரேஹவுண்டு நாய்க்கான அளவைக் கேளுங்கள். நெற்றி வாரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்னங்காலால் ஒரே இழுப்பில் கழற்றிவிடும்.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: 2024 மார்ச்சில் 23 இனங்களை ஆபத்தானவை என்று மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையில் நம் இனங்கள் இல்லைதான். அதையும் ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இனம் பார்ப்பதில்லை. வளர்ப்பவர் அஜாக்கிரதையாக இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வாங்கிய அன்றே மாட்டி இழுத்துப் போகாதீர்கள். கூடைக்குள் தயிர் தடவி, தானாக மூக்கை நுழைக்க விடுங்கள். வாரைப் பிறகு பூட்டலாம்.