டிஜிட்டல் அரெஸ்ட் மோசடி: ஸ்டேஷனுக்கு ஓடும் முன் 1930க்கு அடியுங்கள்

ஏற்காட்டில் இருக்கும் என் சித்தப்பாவை வீடியோ காலிலேயே மிரட்டி 11 லட்சம் ரூபாயைப் பறித்துவிட்டார்கள். அது ஒரு வலி. புகார் கொடுக்கப் போன இடத்தில் எங்களை அலையவிட்டதுதான் இன்னும் ஆறவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

"உங்க ஆதார்ல வாங்கின சிம் தீவிரவாதிங்க கையில இருக்கு, உங்க கணக்கு வழியா அவங்களுக்குப் பணம் போயிருக்கு" என்றுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். திரையில் காக்கிச் சட்டை, பின்னால் சிங்க முத்திரை, வாட்ஸ்அப்பில் சீல் வைத்த கைது உத்தரவு. கேமராவை அணைக்கக் கூடாது, சித்தியிடம்கூட வாய் திறக்கக் கூடாதாம். மிளகுக் கணக்கு எழுதும் நோட்டில் போனைச் சாய்த்துவைத்து ராத்திரி முழுக்க அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். காலையில் அழைப்பைத் துண்டிக்காமலே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வங்கியில் பணம் அனுப்ப பஸ் ஏறி சேலத்துக்கு இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போகும்போதெல்லாம் திரும்பக் கூப்பிட்டு, "தப்பிக்கப் பார்க்கிறியா" என்று அதட்டல். வங்கியில் கேட்டால் நிலம் வாங்க என்று சொல்லும்படி சொல்லிக்கொடுத்ததும் அவர்களே.

இப்படி வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டுவதைத்தான் டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும், சிபிஐயும் வீடியோ காலில் கைது செய்யாது, பணம் கேட்காது. 2024 அக்டோபரில் பிரதமரே மன் கி பாத்தில் இதை எச்சரித்தார். மலைமேல் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். "ஆள் ஏற்காடு, அது மாவட்டப் போலீஸ் எல்லை" என்றார் ரைட்டர். அடுத்த இடத்தில், "பேங்க் சிட்டியிலதான இருக்கு, அங்கேயே போங்க". திரும்பி வந்தால், "ஐடி ஆக்ட் கேஸ், இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துல இருக்கார், நாளைக்கு வாங்க". புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்ற பெண் காவலர்தான், "அண்ணா, 1930க்கு அடிச்சீங்களா?" என்று கேட்டு, பாஸ்புக்கையும் ரசீதையும் வாங்கிப் பார்த்து, பணம் அனுப்பியதற்கான அடையாள எண்ணான யுடிஆர் நம்பரைக் குறித்துக்கொடுத்தார். அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

1930 சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். கணக்கு எண், தொகை, நேரம், யுடிஆர் நம்பர் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே இருந்தால் முடக்குவார்கள், அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் தகவலும் அங்கே துரத்திக்கொண்டு போகும். வாடகைக்கு எடுத்த கணக்குகளில் பிரித்துப் பிரித்து மாற்றிவிடுவதால் ஒவ்வொரு நிமிஷமும் பணம்தான். நாங்கள் பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு சிறு பகுதிதான் சிக்கியது.

எல்லை சொல்லித் திருப்பி அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். ஆன்லைனில் கொடுத்தால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஐடி சட்டத்தின் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 78வது பிரிவு இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்கிறது, உண்மைதான். அது விசாரணைக்கு. புகாரை வாங்கிக்கொள்ள அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முடக்கிய பணத்தை விடுவிக்க நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். இதற்கிடையே, "சைபர் கிரைம்ல இருந்து பேசறோம், கட்டணம் கட்டினா முழுப் பணமும் வரும்" என்று சித்தப்பாவுக்கு ஒரு அழைப்பு. இந்த முறை அவர் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார். அந்த எண்ணையும் புகாரில் சேர்த்திருக்கிறோம்.