‘சிகரெட் பிடிப்பீர்களா?’: ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் புகைப்பழக்க ஆலோசனை

மூன்று வாரமாக நிற்காத இருமலோடு இருந்த என் தாய்மாமாவை, தென்காசி மாவட்டத்தில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். காசநோயாக இருக்குமோ என்று அன்றே சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஒரு பைசா செலவில்லை. அந்த வகையில் குறை சொல்ல எதுவுமில்லை. என் குறை, புகைப்பழக்கம் பற்றி அங்கே கேட்கப்பட்ட ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது.

“சிகரெட் பிடிப்பீங்களா?” என்று மருத்துவர் கேட்டார். “இல்லம்மா” என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடிக்கும் அந்தச் சுமைதூக்கும் தொழிலாளி சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. நான் குறுக்கிட்டு “பீடி உண்டு” என்றதும், “விட்டுருங்க, இல்லேன்னா நுரையீரல் போயிரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனை அழைத்தார்.

அதே மாதம் என் இருமலுக்காக நகரத்துத் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். நாளுக்கு நான்கைந்து சிகரெட் பிடிக்கும் எனக்கு அங்கே பதினைந்து நிமிடம் கிடைத்தது. விடும் நாளைக் குறிக்கச் சொன்னார்கள். நிகோட்டின் சூயிங்கம்மைச் சாதாரண மிட்டாய் போல மெல்லாமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும் என்றும், மெல்வதற்குச் சற்று முன் டீ குடிக்கக் கூடாது என்றும் விளக்கினார்கள். டீயும் பீடியுமாகவே மூட்டை இறக்கும் மாமாவுக்குத்தான் இந்த விளக்கம் அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

மருத்துவரை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. வெளியே வரிசை வாசல் வரை நின்றது. ஆனாலும் 2016-17-இல் எடுக்கப்பட்ட இந்திய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 7.7 விழுக்காட்டினர் பீடியும் 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் பிடிக்கிறார்கள். முந்தைய ஓராண்டில் மருத்துவரையோ சுகாதாரப் பணியாளரையோ பார்த்த புகைப்பவர்களில் 48.8 விழுக்காட்டினருக்கே விடும்படி அறிவுரை கிடைத்திருக்கிறது. ஏழைகளின் புகையாகிய பீடி அதிகமாக இருக்கும் நாட்டில், சிகரெட்டை மட்டும் பெயர் சொல்லிக் கேட்பது, கேட்காமலே விடுவதற்குச் சமம்.

நான் மனமாரப் பரிந்துரைப்பது 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியப் புகையிலை விடுப்பு எண்ணை. 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொருட்களின் உறைகளில் அச்சிடப்படும் இந்த எண், மாமாவின் பீடிக் கட்டிலும் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் அவருக்கு, அது எதற்கான எண் என்று யாரும் சொன்னதில்லை. திண்ணையில் உட்கார்ந்து நானே அழைத்துக் கொடுத்தேன். மறுமுனையில் தமிழில் பேசியவர் எடுத்ததும் கேட்டது, “காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி?” என்பதுதான். “கண்ணு முழிச்சதுமே” என்ற மாமா, அதன் பிறகு இருபது நிமிடம் போனைக் கீழே வைக்கவில்லை. திட்டு விழாத அறிவுரை அவருக்குப் புதிது.

அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளவயது முதல் பீடி சுற்றியவர். வெற்றிலையோடு புகையிலையும் போடுபவர். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை மாதந்தோறும் வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பெண் அதே திண்ணையில் உட்கார்ந்து அழுத்தம் பார்த்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவார். வெற்றிலைச் செல்லம் இருவருக்கும் நடுவில்தான் இருக்கும். புகையிலை உண்டா என்ற கேள்வி இன்றுவரை அங்கே எழுந்ததில்லை.

மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஐந்துக்கு நான்கு தருவேன். புகைப்பழக்க ஆலோசனைக்கு ஒன்று. மாமாவின் சளியில் காசநோய் இல்லை. நான்காவது அழைப்புக்குப் பிறகு, கட்டு இரண்டு நாளைக்கு வருகிறது.