பெயர் ஐந்து, ஸ்டேஷன் ஒன்று: மூர் மார்க்கெட்டுக்கும் பார்க்குக்கும் நடுவே இருபது வருடம்

சென்னையில் அம்பத்தூரில் வீடு, கிண்டியில் வேலை. 2003-இல் ஆரம்பித்தது. கம்பெனி இரண்டு முறை மாறியது, கிண்டி மாறவில்லை. அதனால் தினமும் காலையில் மூர் மார்க்கெட்டில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டி, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறுகிறேன். சாயங்காலம் இதே கதை தலைகீழாக. இருபது வருடத்துக்கு மேல் ஒரு இடத்தைப் பயன்படுத்தியவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் பொதுவாக 'சென்ட்ரல்' என்று சொல்லும் இடத்தில் ஐந்து ஸ்டேஷன் இருக்கிறது. கோவை, பெங்களூரு, டெல்லி வண்டிகள் வந்து நிற்கும் மணிக்கூண்டுள்ள சிவப்புக் கட்டடம் ஒன்று. அதை ஒட்டி, ரிப்பன் மாளிகைப் பக்கம், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல்கள் கிளம்பும் மூர் மார்க்கெட் வளாகம். சாலைக்கு எதிர்ப்பக்கம் கடற்கரை-தாம்பரம் தடத்தின் பார்க். ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) பக்கமாகப் பறக்கும் ரயிலின் பார்க் டவுன். இவை போதாதென்று பூமிக்கு அடியில் மெட்ரோ. கோவையிலிருந்து வந்த என் சித்தப்பா ஒருமுறை சென்ட்ரலுக்குள்ளேயே அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் போன் செய்தார். "ஏம்ப்பா, தாம்பரம் வண்டி இங்க வரவே வராதாமே, ரோட்டைத் தாண்டணுமாமே?" ஆமாம் சித்தப்பா, தாண்டணும். நான் தினமும் தாண்டுகிறேன்.

ஏன் தாண்ட வேண்டும் என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. யாரோ திட்டமிடத் தெரியாமல் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் அதுவல்ல, சென்ட்ரல் பக்கமும் பார்க் பக்கமும் வேறு வேறு கம்பெனிகளின் சொத்து. 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயிலை விட்ட மெட்ராஸ் ரயில்வே அகலப்பாதைக்காரர்கள். சென்ட்ரல் 1873-இல் வந்தது. எழும்பூரை வைத்துக்கொண்டு தெற்கே ஓட்டிய சவுத் இந்தியன் ரயில்வே மீட்டர் கேஜ்காரர்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி ஒன்றில் 1,676 மில்லிமீட்டர், இன்னொன்றில் 1,000 மில்லிமீட்டர். ஒருவர் வண்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஏறாது எனும்போது எதற்காக ஒரே ஸ்டேஷனில் வந்து சேர வேண்டும்? 1931-இல் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் தொடங்கியபோதும் அது மீட்டர் கேஜ்தான், சென்ட்ரல் வாசலை எட்டிப் பார்த்தபடியே போய்விட்டது. 1951-இல் எல்லாம் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. காகிதத்தில் கல்யாணம் முடிந்தது, குடித்தனம் மட்டும் தனித்தனி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்க்கில் ஏறியது மீட்டர் கேஜ் வண்டியில்தான். மூர் மார்க்கெட்டில் அகலமான பெட்டியிலிருந்து இறங்கி, சாலையைத் தாண்டி அந்தச் சின்னப் பெட்டிக்குள் நுழைந்தால், பெரிய வீட்டிலிருந்து ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்தது போல இருக்கும். 2004 ஜூலையோடு அதுவும் முடிந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே அகலப்பாதை. ஆனால் கட்டடங்கள் இருந்த இடத்தில்தானே இருக்கும். என் தினசரி நடை, நூறு வருடத்துக்கு முந்தைய கம்பெனி எல்லையைத் தாண்டும் நடை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கோபம் கொஞ்சம் குறைந்தது, நடை குறையவில்லை.

மூர் மார்க்கெட் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வளாகம் நிற்கும் இடத்தில்தான் 1900-இல் திறந்த பழைய மூர் மார்க்கெட் இருந்தது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர் அது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, நாய்க்குட்டி வரை எல்லாம் கிடைக்கும் என்று அப்பா சொல்வார். பின்னால் மிருகக்காட்சி சாலை, சென்னைக்காரர்கள் பாஷையில் 'உயிர் காலேஜ்'. அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடுவார்களாம். 1985 மே மாதம் மார்க்கெட் எரிந்துபோனது. அதே வருடம் உயிர் காலேஜும் வண்டலூரில் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது மிச்சமிருப்பது ஸ்டேஷன் பெயர்கள்தான். எதிரே 'பார்க்' என்பதும் அங்கே இருந்த பீப்பிள்ஸ் பார்க்கின் நினைவு. பூங்காவைத் தேடினால் கிடைக்காது.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். மூர் மார்க்கெட் ஒரு முடிவு நிலையம், ஐந்து பிளாட்பாரம், தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும். இதில் ஒரு சௌகரியம்: வண்டியின் முன்பக்கப் பெட்டியில் வந்தால் இறங்கியதும் வாசல். பின்பக்கம் ஏறினால் பன்னிரண்டு பெட்டி நீளத்தை நெரிசலோடு நடக்க வேண்டும். அம்பத்தூரில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் முன்பெட்டியில் மூச்சுவிட இடம் இருக்காது. நான் மூன்றாவது நான்காவது பெட்டி. நடையும் சுமார், கூட்டமும் சுமார்.

சாயங்காலம் கவனிக்க வேண்டியது வேறு. மேற்கே போகும் வண்டிகளும் வடக்கே போகும் வண்டிகளும் இதே பிளாட்பாரங்களிலிருந்துதான் கிளம்புகின்றன, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் வியாசர்பாடி ஜீவாவுக்குப் பதில் கொருக்குப்பேட்டை வந்தபோதுதான் தலை நிமிர்ந்தேன். கும்மிடிப்பூண்டி வண்டி. பக்கத்திலிருந்த மீன்காரம்மா, "எங்க கண்ணு போவணும்?" என்று கேட்டார். அம்பத்தூர் என்றேன். சிரித்துவிட்டு என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

சாலையைக் கடப்பது எப்படி இருந்தது, எப்படி ஆனது என்று பார்த்தால் மூன்று காலம். பழைய சப்வே காலம்: போன் கவர், பெல்ட், கர்சீப் கடைகளுக்கு நடுவே நதி மாதிரி ஓடும் கூட்டத்தில் மிதந்துபோக வேண்டும். அப்புறம் மெட்ரோ தோண்டிய காலம்: வாரத்துக்கு ஒரு வழி, இன்று போன பாதை நாளை இருக்காது. 2018 மே மாதம் சென்ட்ரல் மெட்ரோ திறந்த பிறகு கீழே விசாலமான நடைபாதை கிடைத்தது. மெட்ரோவில் ஏறாதவர்களுக்கும் அதுதான் சாலை கடக்கும் வழி. மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும். 2019-இலிருந்து அதே மெட்ரோவில் நேராகக் கிண்டிக்கே போகலாம், ஒரு மாதம் போய்ப் பார்த்தேன், ஏசி சுகம். ஆனால் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்க்கு விற்கும் லோக்கலில் சீசன் வைத்திருப்பவனுக்குத் தினம் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. இப்போதெல்லாம் காய்ச்சல் அடித்தால் மட்டும் மெட்ரோ.

பறக்கும் ரயிலை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. கடற்கரை-எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை அது சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது, அப்போது பார்க் டவுனில் ரயிலே இல்லை. மயிலாப்பூர் போகிற நண்பர்கள் அந்தப் பதினான்கு மாதமும் புலம்பினார்கள்.

கடைசியாக, இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே குறுக்குவழி, உண்மையில் சுற்றுவழி. அரக்கோணம், திருவள்ளூர், ஆவடிப் பக்கமிருந்து வரும் எல்லா வண்டியும் மூர் மார்க்கெட்டுக்குப் போவதில்லை, சில ராயபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போகும். அதில் ஏறினால் கடற்கரையில் அதே ஸ்டேஷனுக்குள் தாம்பரம் வண்டிக்கு மாறலாம், சாலையே கிடையாது. அங்கிருந்துதான் அது கிளம்புகிறது என்பதால் உட்காரவும் இடம் கிடைக்கும். நேரம் கூடுதலாகும்தான். அடுத்து கோட்டை, அதற்கடுத்து பார்க். அங்கே கதவருகே முண்டியடித்து ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அம்பத்தூர் பிளாட்பாரத்தில் நான் பார்த்த முகங்கள்.