அளக்காமலேயே எழுதப்பட்ட அளவுகள்: என் மகளின் முழங்காலும் ஒரு மறுவாழ்வு மையமும்

என் மகளுக்கு 17 வயது, கைப்பந்து வீராங்கனை. வலது முழங்காலில் ஏ.சி.எல். என்று சொல்லப்படும் முன் சிலுவை ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, விளையாட்டு மருத்துவ மறுவாழ்வு மையம் ஒன்றில் ஐந்தரை மாதம் சிகிச்சை பெற்று, "முழுமையாக விளையாடத் தகுதி பெற்றவர்" என்ற சான்றிதழுடன் அவள் களத்திற்குத் திரும்பினாள். திரும்பிய பன்னிரண்டாம் நாள், பயிற்சி ஆட்டம் ஒன்றில் எம்பிப் பந்தை அடித்துவிட்டுத் தரையிறங்கும்போது, யாரும் மோதாமலேயே அதே முழங்கால் மடங்கி அதே ஜவ்வு மீண்டும் கிழிந்தது. அந்தச் சான்றிதழில் இருந்த அளவுகள் எவையும் அவளிடம் அளந்து எழுதப்பட்டவை அல்ல என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மையத்தின் மீது புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியும் வரை பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வழக்கறிஞர் கூறியிருப்பதால் பெயரைத் தவிர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் எங்களைப் பார்த்தவர் அந்த மையத்தின் தலைமை மருத்துவர். பத்து நிமிடம் பேசினார், முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், "ஆறு மாதத்தில் ஆட வைத்துவிடுவோம், அம்மா, கவலையே படாதீர்கள்" என்றார். அந்த ஐந்தரை மாதத்தில் அவரை நாங்கள் மீண்டும் பார்த்தது சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அன்றுதான். அறுபது சிட்டிங்குக்கான தொகையை முன்பணமாகவே கட்டச் சொன்னார்கள். இடையில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்ததைக் கட்டிய பிறகுதான் வாசித்தேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், எந்த வாரத்தில் எவ்வளவு மடக்கலாம், எப்போது எடை தாங்கலாம் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தை வரவேற்பில் இருந்தவரிடம் கொடுத்தேன். அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார். பின்னாளில் அந்தக் கோப்பை நாங்கள் கேட்டு வாங்கியபோது, கடிதம் ஒட்டிய உறையோடு பிரிக்கப்படாமலே அதில் இருந்தது.

ஒவ்வொரு சிட்டிங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடந்தது. இருபது நிமிடம் வெந்நீர்ப் பையும் கரண்ட் வைப்பதும், பத்து நிமிடம் அல்ட்ராசவுண்ட், அதன் பிறகு முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்து அழுத்தச் சொல்வதும் காலை நேராகத் தூக்கச் சொல்வதும். அந்தப் பயிற்சியின்போது யாரும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. மூன்றாம் மாதத்திலும் அதே தலையணை, அதே எண்ணிக்கை. அடுத்த கட்டிலில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு முதியவர் இருந்தார். அதற்கடுத்ததில் பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த ஒரு பெண்மணி. மூவருக்கும் அதே கருவிகள், அதே நேரக்கணக்கு. பதினேழு வயதுப் பெண் எம்பிக் குதிக்க வேண்டும், முதியவர் படியேற வேண்டும், அந்தப் பெண்மணி கரண்டியைப் பிடிக்க வேண்டும். மூவரின் தேவையும் ஒன்றாக இருக்க முடியாது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். வலி குறைந்திருந்ததால் சிகிச்சை நன்றாக நடக்கிறது என்றே நம்பினேன்.

இந்த வலி குறைவதுதான் ஏ.சி.எல். விஷயத்தில் பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக, என் மகளுக்குத் தொடையின் பின்தசை நாரிலிருந்து எடுத்து வைத்தார்கள். வைத்த புதிதில் அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. உடல் அதற்குள் புதிய இரத்தக் குழாய்களை வளர்த்து, பழைய திசுவை மெல்ல மாற்றி, ஜவ்வு போன்ற ஒன்றாக ஆக்குகிறது. இந்த மாற்றம் நடக்கும் முதல் சில மாதங்களில் அந்த நார் வைத்த நாளில் இருந்ததை விடவும் வலுக் குறைந்து இருக்கும். அது முதிர்ச்சி அடைய ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் வீக்கமும் வலியும் மூன்று, நான்கு மாதத்திலேயே பெரும்பாலும் போய்விடும். உள்ளே வேலை பாதியில் நிற்கும்போதே வெளியே கால் சரியாகிவிட்டதாகத் தெரிகிறது. இன்னொன்று, மூட்டில் நீர் கோத்திருக்கும் வரை நரம்பு மண்டலமே தொடையின் முன்தசையை முழுதாக இயங்க விடாமல் அடக்கிவைக்கும். அதனால் அந்தத் தசை சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடும். படிப்படியாக எடையைக் கூட்டிச் செய்யும் கடினமான பயிற்சி இல்லாமல் அது திரும்பாது. கரண்ட் வைப்பதிலும் வேறுபாடு உண்டு என்பதைப் பிறகுதான் கற்றேன்: முன்தசையைச் சுருங்க வைக்கும் மின்தூண்டலுக்குத் தொடக்க வாரங்களில் பயன் உண்டு, அவளுக்கு மாதக்கணக்கில் வைத்ததோ வலியைச் சிறிது நேரம் மறக்கடிக்கும் வகை.

கால் முழுதாக நீளவில்லை என்பதை நாலாம் வாரத்திலேயே கவனித்தேன். கட்டிலில் படுத்தால் இடது முழங்காலின் பின்பக்கம் மெத்தையில் படியும்; வலது முழங்காலுக்கு அடியில் என் விரல்கள் நுழையும். மையத்தில் இருந்த இளைஞரிடம் காட்டியபோது, "போகப் போகச் சரியாகிவிடும், அம்மா" என்றார். அடுத்த மாதம் வேறொருவரிடம் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். கோணமானியை எடுத்து ஒரு முறைகூட யாரும் அளக்கவில்லை. இரண்டாவது அறுவையின்போது அந்த மூட்டின் முன்பக்கத்தில் ஒரு தழும்புக் கட்டி இருந்ததை மருத்துவர் எடுத்தார். அதற்குச் சைக்ளோப்ஸ் என்று பெயராம். மூட்டுக்குள் விடும் கேமராவில் பார்த்தால் ஒற்றைக் கண் போலத் தெரிவதால், கிரேக்கக் கதையின் ஒற்றைக்கண் அரக்கன் பெயரையே வைத்திருக்கிறார்கள். கால் நீளாமல் தடுத்தது அதுதான். முதல் இரண்டு மாதத்திற்குள் யாராவது கோணத்தை அளந்து அறுவை மருத்துவருக்குத் தெரிவித்திருந்தால், அதை அப்போதே கண்டுபிடித்திருக்கலாம் என்றார்.

ஐந்தரை மாதத்தில், அறுபதாவது சிட்டிங் முடிந்த அன்று, சான்றிதழும் இரண்டு பக்க அறிக்கையும் கொடுத்தார்கள். ஒற்றைக்கால் தாவல் 92 விழுக்காடு, மூன்று தொடர் தாவல் 94, குறுக்குத் தாவல் 93, ஆறு மீட்டர் நேரத் தாவல் 95, தொடை வலு 91. காயப்பட்ட காலின் அளவை நல்ல காலின் அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு இது. 90க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. எல்லாமே 90ஐத் தாண்டியிருந்ததைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். "எனக்கு இந்தத் தாவல் சோதனை எதுவும் வைக்கவில்லையே, அம்மா" என்று அவள் அன்று வீட்டில் சொன்னாள். பயிற்சிக்கு நடுவே கவனித்து எழுதியிருப்பார்கள் என்று நான்தான் பதில் சொன்னேன். இந்தப் பதிவை எழுதும்போது எனக்கு அதிகம் வலிப்பது அந்தப் பதில்தான்.

மறுபடியும் கிழிந்த பிறகு வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அவர் முதல் வேலையாகக் கையடக்க வலுமானி ஒன்றால் இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது தொடை இடது தொடையின் 58 விழுக்காடுதான் இருந்தது. புதுக் காயத்தின் வீக்கமும் இதில் சேர்ந்திருக்கும், எல்லாவற்றையும் பழைய மையத்தின் மேல் போட முடியாது என்று அவரே நேர்மையாகச் சொன்னார். தொடையின் சுற்றளவைக் காட்டி, இந்த அளவு மெலிவு மூன்று வாரத்தில் வந்திருக்காது என்றும் சொன்னார். பிறகு அந்த இரண்டு பக்க அறிக்கையை வாங்கி நிதானமாக வாசித்துவிட்டு, "இதில் அறுவை நடந்தது இடது கால் என்று இருக்கிறதே" என்றார். முதல் பக்கத்தில் வலது, இரண்டாம் பக்கத்தில் இடது. வேறு யாருக்கோ எழுதியதை எடுத்துப் பெயரை மாற்றியிருந்தார்கள்.

அதன் பிறகே முழுக் கோப்பையும் எழுத்து மூலமாகக் கேட்டோம். மூன்று முறை அலைந்த பிறகு நகல் கிடைத்தது. தாவல் சோதனைகள் நடந்ததாகக் குறித்திருந்த தேதியில் என் மகள் பள்ளியில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். மையத்தின் வருகைப் பதிவேட்டிலேயே அன்று அவளுடைய கையெழுத்து இல்லை. அந்த மையத்தில் தொடை வலுவை அளக்கும் கருவி எதுவும் கிடையாது என்பதையும் அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவர் எங்களிடம் உறுதிப்படுத்தினார். அன்றாடம் அவளுக்குப் பயிற்சி கொடுத்த நால்வரில் ஒருவர் மட்டுமே பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட். இவற்றை நேரில் போய்க் கேட்டபோது, அது தட்டச்சுப் பிழை என்றார்கள். பத்துச் சிட்டிங் இலவசமாகத் தருவதாகவும் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஒழுங்காகப் பயிற்சி கொடுத்திருந்தால் மீண்டும் கிழிந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. இளம் வயதில் களத்திற்குத் திரும்புகிறவர்களுக்கு அந்த அபாயம் எப்படியும் அதிகம். ஆனால் அந்த அபாயத்தின் அளவு யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஆய்வு உண்டு. 2016இல் வெளியான டெலாவேர்-ஆஸ்லோ ஆய்வு, ஏ.சி.எல். அறுவை செய்துகொண்ட 106 பேரைப் பின்தொடர்ந்தது. அறுவைக்குப் பிந்தைய ஒன்பது மாதம் வரை, விளையாடத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்திற்கும் முழங்கால் மறுபடி காயப்படும் வீதம் 51 விழுக்காடு குறைந்ததாக அது கண்டது. வலுவும் தாவலும் உள்ளிட்ட தகுதிச் சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 விழுக்காட்டினர் மீண்டும் காயப்பட்டார்கள். தேறித் திரும்பியவர்களில் 5.6 விழுக்காட்டினர். என் மகள் ஐந்தரை மாதத்தில், எந்தச் சோதனையும் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டாள். அந்தச் சோதனை ஒரு சடங்காக எனக்கு முன்பு தெரிந்தது. அதில் பொய் எழுதுவது ஒரு பிள்ளையின் காலோடு விளையாடுவது என்று இப்போது தெரிகிறது.

இப்போது போகும் இடம் சின்னது. கருவிகள் குறைவு, எடைகள் அதிகம். முதல் இரண்டு வாரமும் இரண்டே இலக்கு: வீக்கம் வடிய வேண்டும், கால் இன்னொரு காலைப் போல நீள வேண்டும். அது வந்த பிறகே எடைப் பயிற்சி. குறித்த வலு வந்த பிறகே மெல்லோட்டம். ஓட்டம் பழகிய பிறகே இரு கால் தாவல், பிறகு ஒற்றைக் கால். மாதம் ஒரு முறை அளந்து, அளவை எங்கள் கண்முன்னே எழுதி, நகலைக் கையில் கொடுக்கிறார்கள். விழுக்காட்டை மட்டும் நம்பாதீர்கள், நல்ல கால் என்று நாம் சொல்லும் காலும் ஓய்வில் வலு இழந்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் காயப்பட்ட கால் உண்மையை விட நன்றாகத் தெரியும் என்று அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் எச்சரித்தார். ஆகவே கிலோ கணக்கையும் உடல் எடையோடு சேர்த்துக் குறிக்கிறார். ஆறாம் மாதத்தில் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஏ.சி.எல். காயத்திற்குப் பிறகு மனம் தயாரா என்று அளக்க 2008இல் உருவாக்கப்பட்ட கேள்வித்தாள் அது. மறுபடி காயப்படுவோம் என்று பயமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு வந்தபோது என் மகள் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். பழைய மையத்தில் ஐந்தரை மாதத்தில் ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி அது.

பிள்ளையையோ பெற்றோரையோ இப்படி ஓர் இடத்தில் சேர்க்கப் போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்: எந்த நாளில் எதை அளப்பீர்கள், எதைக் கொண்டு அளப்பீர்கள், அந்தத் தாளை என்னிடம் தருவீர்களா? பயிற்சி கொடுப்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான தொழில்முறையாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அறுவை மருத்துவரின் கடிதத்தை வரவேற்பில் கொடுக்காமல், பயிற்சி கொடுப்பவர் உங்கள் முன்னாலேயே வாசிக்கும்படி செய்யுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். கட்டிய பணம் போய்விடுமே என்ற எண்ணம்தான் மூன்றாம் மாதத்தில் வேறு இடம் தேடவிடாமல் என்னைத் தடுத்தது. சோதனை நாளன்று கூடவே இருங்கள். தாவல் தூரத்தை அளக்கத் தரையில் ஓர் அளவு நாடா போதும். அது விரிக்கப்படாவிட்டால் அந்தச் சோதனை நடக்கவில்லை என்று பொருள்.

பதிவுக் குழுமத்தில் எங்கள் புகார் ஏற்கப்பட்டு, மையத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டின் நகலையும் தேர்வு நுழைவுச்சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறோம். இதே மையத்தில் சான்றிதழ் வாங்கியதாகச் சந்தேகிப்பவர்கள் யாராக இருந்தாலும், களத்திற்குத் திரும்பும் முன் வேறோர் இடத்தில் ஒரு முறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு இரண்டாவது அறுவை முடிந்து இது ஏழாம் மாதம். சென்ற வாரம் அளந்ததில் தொடை வலு 84 விழுக்காடு. இன்னும் பந்தைத் தொடவில்லை.