கோரல் சிப்ஸை நம்பிய எட்டு மாதம்

"கேனிஸ்டர்ல ஒரு கிலோ கோரல் சிப்ஸ் போட்டா போதுமாமே அண்ணா, அதுக்கப்புறம் பஃபர் டேங்க்ல தண்ணியைப் பத்திக் கவலையே வேணாமாமே?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். கேனிஸ்டர் என்பது மீன்தொட்டிக்கு வெளியே நிற்கிற ஃபில்டர். கோரல் சிப்ஸ் என்பது உடைந்த பவளத் துண்டுகள், சுண்ணாம்புதான், தண்ணீரில் மெல்லக் கரையும். போனில் கோபமாக ஏதோ சொல்லிவிட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பச்சைப் புள்ளி பஃபர் மீன். நம் கடலோரத்தில் பேத்தை என்பார்களே, அந்தக் கூட்டம். 3 அடி டேங்க், 150 லிட்டர். நல்ல தண்ணீர் மீன் என்று சொல்லித்தான் விற்றார்கள். குஞ்சாக இருக்கும்வரை அதில் தாக்குப்பிடிக்கும், வளர வளர உப்பு வேண்டும். இப்போது தண்ணீரின் அடர்த்தி 1.010ல் நிற்கிறது, அதாவது கடல் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். முதலில் ஆர்.ஓ. தண்ணீரில் மட்டும்தான் மரைன் சால்ட் (கடல்மீன் டேங்குக்கான உப்புக் கலவை) கலந்தேன். கல் உப்பு இதற்கு உதவாது, அதில் சாப்பாட்டு உப்பைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை.

கடினத்தன்மை என்றதும் எல்லோரும் ஜிஹெச் (தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் அளவு) பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். டெஸ்ட் மருந்தில் ஒரு சொட்டு ஒரு டிகிரி; 40 சொட்டு விட்டும் நிறம் மாறவில்லை. கடல்நீரின் ஜிஹெச்சே 350 டிகிரி வரும், பெரும்பகுதி மெக்னீசியம். 1.010ல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கும். சொட்டு எண்ணி மாளாது, எண்ணவும் தேவையில்லை. பார்க்க வேண்டியது கேஹெச், அதாவது பிஹெச் விழாமல் தாங்குகிற கார்பனேட் அளவு. கடலிலேயே அது 7 டிகிரி அளவுதான். ஆர்.ஓ. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பு போட்டால் என்ன மிஞ்சும்? எனக்கு 3 காட்டியது. ஜிஹெச் மலையாகக் குவிந்திருக்க, பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கிற கேஹெச் தரையில் கிடந்தது.

அந்த இடத்தில் கோரல் சிப்ஸ் நன்றாகவே வேலை செய்தது, மறுக்க மாட்டேன். போட்ட மூன்றாவது வாரம் கேஹெச் 6, பிஹெச் 7.9. எட்டு மாதம் அசையவில்லை. மின்சாரம் கேட்காது, சத்தம் போடாது. அந்த நிம்மதியில் டெஸ்ட் பண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது மாதம் ஒருநாள் காலை, மீன் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. வெள்ளை வயிறு சாம்பலாகக் கறுத்திருந்தது. நத்தையைக் கண்டால் கண்ணாடியில் முட்டுகிற பிராணி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேஹெச் 1, பிஹெச் 6.9. ஃபில்டரைத் திறந்து சிப்ஸைக் கையில் எடுத்தால் சோப்பு மாதிரி வழுக்கியது. மேலெல்லாம் பாசிபோல வழவழப்பு ஏறிவிட்டது, தண்ணீர் தொட்டால்தானே கரையும்? பேத்தை அழுக்காகச் சாப்பிடுகிற மீன். அந்த அழுக்கில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிற ஒவ்வொரு நாளும் கேஹெச்சைத் தின்கிறது. செலவு ஓடிக்கொண்டே இருந்தது, வரவு நின்றுபோனது.

ஆப்பசோடாதான் காப்பாற்றியது. 150 லிட்டருக்கு நாலரை கிராம் போட்டால் 1 டிகிரி ஏறும். அவசரப்பட்டு மொத்தத்தையும் கொட்டியிருந்தால் பிஹெச் எகிறி, தேங்கியிருந்த அம்மோனியா விஷமாகியிருக்கும். நாளுக்கு நாலரை கிராமாக ஐந்து நாள் போட்டேன். ஆறாம் நாள் வயிறு வெளுத்தது. அன்றைக்கு அது ஒரு நத்தையை ஓட்டோடு கடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இப்போது தண்ணீர் மாற்றும்போது இரண்டு பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு போர் தண்ணீர். எங்கள் போரில் கேஹெச் 14, சும்மாவே கிடைக்கிறது. ஆனால் மே மாத வெயிலில் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட ஆர்.ஓ. மட்டும்தான் ஊற்றுகிறேன். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பும் சுண்ணாம்பும் டேங்கிலேயே தங்கிவிடும். அங்கே போர் தண்ணீரை ஊற்றினால் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

சிப்ஸ் இன்னும் என் ஃபில்டரில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை டேங்க் தண்ணீரிலேயே அலசிப் போடுகிறேன், உழைக்கிறது. இருந்தும் தம்பி, நீ வாங்காதே. முதலில் கேஹெச் சொட்டு வாங்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணு. மூன்று மாதம் விடாமல் எண்ணிய பிறகு சிப்ஸ் வேண்டுமென்றால் சொல், என்னிடம் அரை மூட்டை இருக்கிறது, தருகிறேன்.